அகஸ்டஸ் வெள்ளிக் காசு: அடித்ததா, வார்த்ததா?

கேள்வியின் சாரம் இது. வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்திருக்கிறது. குறுக்களவு 18.5 மி.மீ., எடை 3.58 கிராம், நிறம் கறுத்திருக்கிறது. ஒரு பக்கம் வலப்புறம் பார்த்த ஆண் தலை, தலையில் இலைமாலை. மறுபக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவே கேடயங்கள். அடியில் 'சி எல் சி ஏ இ...' என்று எழுத்து. கழுத்தருகே ஒரு சின்ன வெட்டு. நகைக்கடைக்காரர் வெள்ளிதான் என்கிறார். காசு சேர்க்கும் ஒருவர் வார்ப்பு என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். வெள்ளியிலேயே வார்த்த போலிகள் ஏராளம். அதனால் 'வெள்ளியா' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் இது என்ன காசு, பிறகு இது எப்படிச் செய்யப்பட்டது, அதற்கப்புறம்தான் எதில் செய்யப்பட்டது. இந்த வரிசை மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்கும் முன்னால் ஒன்று: காசைத் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். அசலா என்று சொல்லக்கூடிய சாட்சியில் பாதி அந்தக் கறுப்பிலும் அழுக்கிலும்தான் இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய அசல் காசும் புதிதாகச் செய்த போலியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். மிஞ்சிப் போனால் வாலை வடிநீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். கல்லில் சுண்டிப் பார்ப்பதும் வேண்டாம். மண்ணில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் மணிமணியாக மாறி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கணீரென்று ஒலிக்காததால் போலி என்று ஒதுக்கப்பட்ட அசல்கள் உண்டு, சுண்டியதில் இரண்டாக உடைந்தவையும் உண்டு.

இது என்ன காசு

நீங்கள் சொல்லும் அடையாளம் ஒரே வகைக்குத்தான் பொருந்துகிறது. முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பெயரில் லுக்டுனம் அக்கசாலையில் (காசு அடிக்கும் கூடத்தில்), அதாவது இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அடித்த டினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. பட்டியல்கள் இதற்குக் கொடுக்கும் காலம் கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை, அதன் பிறகும் சில ஆண்டுகள் அடித்தார்கள் என்போரும் உண்டு. ரோமப் பேரரசு நாணயங்களின் பெரும்பட்டியலான ஆர்ஐசி முதல் தொகுதியில் 207-ம் அதை ஒட்டிய எண்களும் இந்த வகை. தென்னிந்தியப் புதையல்களில் திரும்பத் திரும்ப வரும் வெள்ளிக் காசுகள் இரண்டு என்றால், ஒன்று இது. மற்றொன்று அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் டைபீரியஸின் காசு, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண் உருவமும் 'போன்டிஃப் மாக்சிம்' என்ற எழுத்தும் கொண்டது.

இப்போது எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தலைப்பக்கத்தில் வட்டமாக, வலஞ்சுழியாக, இடைவெளி விடாமல் ஓடும் வாசகம் 'கைசர் அவ்குஸ்துஸ் திவி எஃப் பாதெர் பாத்ரியை'. தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை, சீசர் அகஸ்டஸ் என்று பொருள். ரோமர் எழுத்தில் 'யு' கிடையாது, அந்த இடத்தில் 'வி' வடிவம்தான் நிற்கும். வளைந்த அடியுடன் 'யு' இருந்தால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டியதில்லை, அது இக்காலத்து வேலை. 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கி.மு. 2 பிப்ரவரி 5-ல் கிடைத்தது. ஆகவே இந்தக் காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ரோமானியக் காசுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்: ஆண்டு எண் இருக்காது, பட்டம்தான் ஆண்டு. பிற்காலப் பேரரசர் டிராஜன் காசில் 'சிஓஎஸ்' என்ற எழுத்துக்குப் பின் 'வி' நின்றால் ஐந்தாவது முறை கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி, எனவே 103-க்கும் 111-க்கும் இடையே அடித்தது என்று கணக்குப் போடுவது போல.

பூப்பக்கத்தில் நிற்பவர்கள் கையஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே மகன்களாகத் தத்தெடுத்தவர்கள். டோகா என்ற ரோமானிய மேலாடை போர்த்து, நேர்முகமாக நிற்பார்கள். ஆளுக்கொரு கேடயத்தின் மேல் கை. கேடயங்களுக்குப் பின்னால் இரண்டு ஈட்டிகள். அவர்கள் நடுவே, மேலே, இரண்டு சின்னப் பொருள்களைத் தேடுங்கள். ஒன்று நெட்டுக் காம்புள்ள அகப்பை, மற்றொன்று நுனி சுருண்ட கோல். கையஸ் வகித்த பூசகர் பதவிக்கு அகப்பை, லூசியஸ் வகித்த நிமித்தம் பார்ப்பவர் பதவிக்குக் கோல். இவை எந்தப் பக்கம், எந்த முகமாக நிற்கின்றன என்பதை வைத்துத்தான் ஆர்ஐசி எண் மாறுகிறது. ஒரு வகையில் கூடுதலாக 'எக்ஸ்' வடிவ எழுத்தும் வரும். சுற்றி 'அவ்குஸ்தி எஃப் கோஸ் தெசிக் பிரின்க் யுவென்த்', அடியில் 'சி எல் கைசரேஸ்'. லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். வாரிசு என்று ஊருக்கு அறிவிக்க அடித்த காசு அவர்களைவிட நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது.

இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், மட்டமான போலிகள் இந்த இடத்திலேயே கழன்றுவிடும். ஒரு மன்னரின் தலையும் வேறொருவரின் பின்பக்கமும் சேர்ந்திருக்கும். டைபீரியஸ் தலையோடு இந்த இருவர் நிற்கும் பின்பக்கம் வந்தால், அது இன்றைய போலியாகவோ, அன்றைய கள்ளக் காசாகவோ, பார்த்தடித்த காசாகவோ இருக்கும்; லுக்டுனம் அக்கசாலைக் காசாக இருக்காது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓக்ரே தரவுத்தளத்தில் தெரிந்த நாலைந்து எழுத்துகளைப் போட்டால் பொருந்தும் வகைகள் படத்தோடு வரும். கட்டணம் கிடையாது.

எடை

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 டினாரியஸ். கணக்குப்படி ஒன்று சுமார் 3.9 கிராம். புழங்கித் தேய்ந்தவை 3.5 முதல் 3.85 வரை நிற்கும். உங்கள் 3.58 கீழ்க்கரையில் இருக்கிறது. தேய்ந்த காசு என்றால் இயல்பு, எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்தும் 3.58 என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 3.3-க்குக் கீழே போனால் செம்பு உள்ளீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 4.1-க்கு மேல் போனால் போலி என்றே தொடங்கலாம். பேரரசர் நீரோ கி.பி. 64-ல் ராத்தலுக்கு 96 என்று குறைத்தார், வெள்ளியின் தரத்தையும் இறக்கினார். இங்கே கிடைக்கும் வெள்ளிப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே நிறைந்திருப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்: வணிகன் பழைய கனமான காசைத்தான் கேட்பான். ரோமானியர் காசெல்லாம் தலை வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைப் பார்த்து இலங்கை மன்னன் வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

தங்கக் காசான ஆரியஸ் அகஸ்டஸ் காலத்தில் 7.8 கிராமை ஒட்டியது. நம் ஊர் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

போலி என்பது ஒன்றல்ல

அதிகக் குழப்பம் வருவது இங்கேதான். 'அசல் இல்லை' என்று சொல்லும்போது நாலு வேறு பொருள்களைச் சொல்கிறோம்.

அந்தக் காலத்திலேயே கள்ளத்தனமாகச் செய்த முலாம் காசு ஒன்று. செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் போர்த்தி, சூடாக்கி, அச்சு வைத்து அடித்தது. வெள்ளி தனியாக உருக 962 டிகிரி வேண்டும், ஆனால் செம்பைத் தொடும் இடத்தில் சுமார் 780 டிகிரியிலேயே இரண்டும் கலந்து இளகிப் பற்றிக்கொள்ளும். பற்றவைப்புப் பொடி இல்லாமலேயே ஒட்டும் இந்த வித்தையை அன்றைய கள்ளர்கள் நன்றாகப் பிடித்து வைத்திருந்தார்கள். இது கள்ளக் காசு, ஆனால் 2,000 வருடப் பழமை உள்ள கள்ளக் காசு. சேர்ப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

அடுத்தது, ரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவில் அடித்த காசு. கையஸ், லூசியஸ் நிற்கும் இந்த வகைக்கும் டைபீரியஸ் வகைக்கும் இப்படிப் பார்த்தடித்தவை தெரிந்தவைதான். பெரும்பாலும் நல்ல வெள்ளி. அச்சு வெட்டியவருக்கு லத்தீன் தெரியாது என்பது எழுத்தில் காட்டிக்கொடுக்கும். 'சி எல் கைசரேஸ்' இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் குச்சிகளும் வட்டங்களும் நிற்கும், 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும், அகப்பையும் கோலும் இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியுமாகச் சுருங்கிப் போயிருக்கும். கோணல்மாணலாக இருக்கிறதே, போலி என்று தூக்கிப் போடப்படுபவற்றில் இவைதான் அதிகம். என் பார்வையில் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு இவை லுக்டுனம் காசைவிடப் பெரிய சாட்சி. எழுத்து பிழையாக இருந்து, செய்முறை அடித்ததாக இருந்தால், அவசரப்படாதீர்கள்.

மூன்றாவது, சில நூற்றாண்டுகளுக்கு முன் கைதேர்ந்தவர்கள் செய்தவை. பதுவா நகரத்து கவினோ 16-ம் நூற்றாண்டில் பெரிய வெண்கலக் காசுகளைப் பார்த்துச் செய்தார். ஜெர்மனியின் பெக்கர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொந்தமாக அச்சு வெட்டி அடித்தார். புதுக்கருக்கு போக வேண்டுமே என்று, இரும்புத் தூளும் கொழுப்பும் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு, அதைக் குதிரை வண்டியின் அடியில் கட்டி ஊர்வலம் விட்டவர் அவர்.

நாலாவது இன்றைய போலி. இதிலும் வார்ப்பு, அழுத்தி எடுத்தது, அச்சில் அடித்தது என்று பிரிவு உண்டு. உங்கள் காசு பற்றிய சந்தேகம் இதில்தான்.

அடித்ததா, வார்த்ததா

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாயுங்கள்.

முதலில் எழுத்தின் அடிவாரம். ரோமானியக் காசு சுத்தியல் வேலை. கீழ் அச்சின் மேல் சூடான வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். அந்த அடியில் வெள்ளி அச்சின் குழிகளுக்குள் ஏறுவதோடு வெளிப்புறமாகவும் ஓடும். அதனால் அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாகச் சுவர்போல எழும்பும். எழுத்துகளைச் சுற்றி விளிம்பை நோக்கி மெல்லிய கீற்றுகள் போகும், அலை வடிந்த மணலில் தெரியும் கோடுகள் மாதிரி. அச்சு தேயத் தேய விளிம்போரத்து எழுத்துகளின் கால் அகன்று மீன்வால் போலப் பிளந்து நிற்கும். 'ஐ', 'டி', 'எஃப்' எழுத்துகளில் இதைத் தேடுங்கள். வார்த்ததில் இந்த ஓட்டம் இருக்காது. எழுத்து தரையோடு சரிவாக வழிந்து சேரும், இரண்டு முறை குளித்த சோப்புக் கட்டியில் பெயர் தெரிவதுபோல. இங்கே ஒரு எச்சரிக்கை: தேய்ந்த அசலிலும் எழுத்து மழுங்கும். ஆனால் தேய்மானம் உச்சியைத்தான் மழுக்கும், அடிவாரத்தை அல்ல. கையஸின் தலை தேய்ந்து மொட்டையாகி இருந்தாலும், அவர் காலுக்கிடையே உள்ள குழி கூர்மையாகவே இருக்கும். உச்சியும் குழியும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் வார்ப்பு.

அடுத்து குழிகள். மண் அரித்த குழி ஒழுங்கில்லாமல், ஓரம் கூராக, உள்ளே அழுக்கு அடைந்து, ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாக இருக்கும். வார்ப்பில் காற்றுக் குமிழி விட்ட குழி உருண்டையாக, ஓரம் வழவழப்பாக, எழுத்தின் மேலும் தரையின் மேலும் வேறுபாடில்லாமல் சிதறியிருக்கும். குமிழி கருவில் (வார்க்கும் அச்சில்) இருந்திருந்தால் காசில் குழிக்குப் பதில் மணி மணியாக மேடு விழும். கழுத்தும் தாடையும் சேரும் மூலையிலும், கேடயத்தின் உள்வளைவிலும் ஊசிமுனை அளவு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு துருப்பிடித்தாலும் இப்படி மேடு வரும், ஆகவே ஒன்றிரண்டைக் கண்டு தீர்ப்பு எழுத வேண்டாம். கொத்தாக இருந்தால் எழுதலாம்.

பிறகு விளிம்பு. பெரும்பாலானோர் பார்க்க மறக்கும் இடம், படத்திலும் வராத இடம். காசை நிறுத்தி, லென்ஸுக்கு அடியில் ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். இரு பாதியாக வார்த்துச் சேர்த்ததில் நடுவே ஒரு கோடு ஓடும். அதை அராவி மறைத்திருந்தால் அரத்தின் இணைகோடுகள் சுற்றிலும் ஒரே சாய்வில் இருக்கும். அசலின் விளிம்பு ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, உருண்டு, அங்கங்கே வெடித்திருக்கும். வெடிப்பைக் கூர்ந்து பாருங்கள்: அசல் வெடிப்பு வெளியே அகன்று உள்ளே ஒடுங்கும், உள்சுவர் கரடுமுரடாகக் கறுத்திருக்கும். வார்ப்பில் வெடிப்பும் நகல்தான். ஆழமில்லாமல், அடி உருண்டு, மூடிக்கொண்ட புண் போலத் தெரியும்.

அச்சில் அடித்த நவீன போலிக்கு இந்த மூன்று சோதனையும் முழுதாக உதவாது. அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து, எந்திரத்தில் அடித்தோ அழுத்தியோ எடுக்கிறார்கள். எழுத்துச் சுவர் செங்குத்தாகவே இருக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, அதன் இரட்டையைத் தேடுவது. ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசு இருப்பது இயல்பு. ஆனால் மையம் விலகிய அளவு, விளிம்பு வெடித்த இடம், கன்னத்தில் விழுந்த கீறல், தேய்ந்த திட்டு எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவே முடியாது. இரட்டைப் பிள்ளைகளுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம், வண்டியில் விழுந்த தழும்பு ஒரே இடத்தில் இருக்குமா? ஏலப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களில் இந்த வகைக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் படம் உண்டு. உங்கள் கழுத்து வெட்டு வேறொரு காசிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தால் ஆட்டம் முடிந்தது.

எதில் செய்தது

அகஸ்டஸ் டினாரியஸ் ஏறக்குறைய 97 சதவீதத்துக்குமேல் வெள்ளி. அப்படியானால் அடர்த்தி 10.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வீட்டிலேயே அளக்கலாம். சின்னத் தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

உங்கள் 3.58 கிராமுக்கு நல்ல வெள்ளி என்றால் 0.343 காட்ட வேண்டும். செம்பு உள்ளீடு என்றால் 0.39-ஐ ஒட்டும். ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி உள்ள கலவை) என்றால் 0.41-ஐத் தாண்டும். இரண்டு தசமத் தராசு இந்த அளவுக்குப் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு தரம் பேச முடியாது. அது 0.34 என்று காட்டினால் உண்மை 0.335 முதல் 0.345 வரை எதுவாகவும் இருக்கலாம், அடர்த்தி 10.69 முதல் 10.38 வரை ஓடிவிடும். 97 சதவீத வெள்ளிக்கும் போலியில் பயன்படும் 92.5 வெள்ளிக்கும் இந்தக் காசில் வித்தியாசம் வெறும் 3 மில்லிகிராம்தான். மூன்று தசமத் தராசு வேண்டும், அதுவும் ஐந்து முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டால் காற்றுக் குமிழி ஒட்டாது. ஒரு குமிழி ஒட்டினாலும் கணக்கு கெடும். வெடிப்பும் உள்ளரிப்பும் உள்ள அசல் காசு 10.2-க்குக்கூட இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஈயமும் செம்பும் அளவாகச் சேர்த்து முலாம் பூசினாலும் 10-க்கு மேல் வரும். அடர்த்தி சரியில்லை என்றால் சந்தேகம் உறுதி. சரியாக இருக்கிறது என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

நகைக்கடையில் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள், விளிம்பு போய்விடும். ஹால்மார்க் மையங்களில் டச் பார்க்கும் எக்ஸ்ரே கருவி காசைத் தொடாமல் பார்க்கும், செலவும் அதிகமில்லை. ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போய் வெள்ளி தூக்கலாக நிற்கும், முலாம் காசிலும் மேலே வெள்ளிதான். அதனால் 'வெள்ளி எத்தனை சதவீதம்' என்று கேட்டு வாங்குவதில் பயன் குறைவு. தங்கம், ஈயம், பிஸ்மத் எவ்வளவு என்று கேளுங்கள். அன்றைய வெள்ளி ஈயத் தாதுவிலிருந்து புடம் போட்டு எடுத்தது. தங்கமும் ஈயமும் ஒரு சதவீதத்துக்குள் துளித்துளியாகத் தங்கிவிடும். இன்று மின்சாரத்தில் சுத்திகரிக்கும் வெள்ளியில் அவை கிட்டத்தட்ட இருக்காது. தங்கமும் ஈயமும் சுத்தமாகப் பூஜ்யம் என்று வந்தால் அது நல்ல செய்தி அல்ல. பழைய தேய்ந்த காசை உருக்கிப் போலி செய்பவர்கள் இதையும் தாண்டிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கறுப்பு நிறத்துக்கும் ஒரு சொல். இயற்கையாகக் கறுத்த வெள்ளி திட்டுத்திட்டாக, குழியில் அடர்ந்து மேட்டில் வெளிறி இருக்கும்; சில இடத்தில் சாம்பல் நிறக் கெட்டிப் படிவம் இருக்கும், நகத்தால் சுரண்ட வராது. கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்க வைத்தது ஒரே சீராக, மை பூசியதுபோல இருக்கும். சுத்தமான அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒற்றினால் வண்ணமும் வார்னிஷும் பஞ்சில் வந்துவிடும், அசலுக்குச் சேதமில்லை. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

கழுத்து வெட்டு

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதுதான். அன்றைய காசுக்காரர்களும் உங்களைப்போலவே 'உள்ளே செம்பா' என்று சந்தேகப்பட்டார்கள். வெட்டிப் பார்த்தார்கள், சின்ன முத்திரை குத்தினார்கள். அகஸ்டஸ் டினாரியஸில் இத்தகைய தடம் சாதாரணம். அது வேறு, இந்தியாவில் தங்கக் காசுகளின் தலைமேல் உளியால் விழுந்த பெரிய வெட்டு வேறு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் கிடைத்த 501 ஆரியஸ்களில் பெரும்பாலானவை அப்படி முகத்தில் வெட்டுப்பட்டவை. காசாகப் புழங்க விடாமல், வெறும் பொன்னாக்குவதற்கு வெட்டினார்கள் என்பது பலரின் கருத்து. தலைக்கு மேல் இரட்டைத் துளையிட்டு, மன்னர் முகம் நிமிர்ந்து தொங்கும்படி கோத்த ஆரியஸ்களும் இங்கே உண்டு. நம் காசுமாலைக்கு மூத்த சொந்தம். வெட்டும் துளையும் இருப்பதாலேயே போலி என்று எண்ண வேண்டாம்.

வெட்டுக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். செம்பு நிறமோ பச்சைக் களிம்போ எட்டிப் பார்த்தால் முலாம் காசு. வெட்டின் சுவர் மணிமணியாக, வெட்டுக்குள்ளும் வெளியிலுள்ள அதே கறுப்பும் படிவமும் இருந்தால் வெட்டு பழையது. பழைய வெட்டு வாங்கிய காசு அதைவிடப் பழையது. வெளியே கறுத்து, வெட்டுக்குள் மட்டும் பளீரென்று வெண்மையாக இருந்தால் வெட்டு புதிது. இந்த மூன்றும் இல்லாமல் வெட்டின் அடி உருண்டு, ஓரம் மழுங்கி, எழுத்துகளைப் போலவே சோப்புக் கட்டியாக இருந்தால், உங்கள் காசு சேர்க்கும் நண்பர் சொன்னதுதான் சரி: வெட்டுப்பட்ட அசல் ஒன்றைக் கருவெடுத்து, வெட்டோடு சேர்த்து வார்த்திருக்கிறார்கள். நகைக்கடைக்காரர் சொன்னதும் அப்போது சரியாகவே இருக்கும்.

செம்புக் காசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். கரூர், மதுரை ஆற்றுப்படுகைகளிலும் இலங்கையிலும் கிடைக்கும் விரல்நகம் அளவு காசுகள் 4, 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் முத்துப்பட்டி கட்டிய தலை தெரிந்தாலே பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு முந்தியதல்ல என்று வைத்துக்கொள்ளலாம். வெளிர்பச்சையாக மாவுபோல உதிர்ந்தால் அது களிம்பு அல்ல, நோய். ஈரம் படாமல் சிலிக்கா ஜெல்லோடு தனியே வையுங்கள்.

சட்டம்

100 ஆண்டு தாண்டிய காசு இந்தியாவில் தொல்பொருள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பிச் சான்று வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெட்டியில் இருந்தது என்பதால் உங்கள் நிலை எளிது. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்திருந்தால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுத் தொகுப்பு இருக்கிறது. அங்கே போய் அசலின் எழுத்துச் சுவரையும் விளிம்பையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்து உங்கள் காசை மறுபடி எடுங்கள். கண் பழகினால் நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

யாரிடம் காட்டினாலும் இரு பக்கப் படம், விளிம்பின் நாலு படம், வெட்டின் நெருக்கப் படம், மி.மீ. அளவுகோல் ஒன்று பக்கத்தில், மூன்று தசம எடை, தண்ணீரில் அளந்த எண் ஆகியவற்றோடு போங்கள். தலை நிமிர்ந்திருக்கும்போது காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கத்து இருவரும் எந்த மணித் திசையில் நிற்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்புப் படம் இல்லாமல் அசல் என்றோ போலி என்றோ அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம், அது நானாக இருந்தாலும்.